ஆத்தா இரவல் கொடுத்த கப்

தம்பி,

நேற்று நீ போனில் சொன்னதைக் கேட்டு நான் ஒன்றும் பேசாமல் இருந்தேன். உடனே நீ, அம்மாவும் சரி என்றுவிட்டாள் என்று முடிவு கட்டியிருப்பாய். அப்படி ஒன்றும் இல்லை. உன் அப்பா பக்கத்தில் நின்று போனுக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தார், அடுப்பில் ரொட்டி கருகிக்கொண்டிருந்தது, எனக்கோ கோபம் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. அந்த நேரம் வாயைத் திறந்திருந்தால் கொழும்பில் உன் அறைக்குப் பக்கத்து அறைக்காரனுக்கும் கேட்கிற மாதிரி ஏசியிருப்பேன். எழுதினால் கொஞ்சம் மரியாதையாக ஏசலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நிதானமாக உட்கார்ந்து படி. சாப்பிட்டுவிட்டுப் படி.

நீ சொன்னதை ஒரு சொல் மாறாமல் திருப்பிச் சொல்கிறேன், சரியா பார். “போன வருஷம் கப் வாங்கியாச்சும்மா. இந்த வருஷம் எல்லா டீமும் எங்களத்தான் குறி வச்சிருக்காங்க. தோத்துட்டா இருக்கிற பேரும் போயிரும். ஜெயிச்ச கையோட நிறுத்திக்கிட்டா அதுதான் மரியாதை.” கரப்பந்து ஆடத் தெரிந்ததால் கம்பெனிக்காரர்கள் உன்னைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். கப் வாங்கிக் கொடுத்தாய், தோட்டமே பெருமைப்பட்டது, நான் லயம் லயமாக, வீடு வீடாகப் போய்ச் சொல்லி வாய் வலித்துப்போனது. இப்போது அடுத்த சீசன் தொடங்கும்போது, முதுகுவலி என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ளப் போகிறாயாம். முதுகுவலியாம்! உன் வயதில் நான் முதுகில் கூடையோடு மலை ஏறி இறங்கியவள், எனக்கு எது முதுகுவலி, எது மனவலி என்று தெரியும்.

இந்தப் பேச்சு எனக்குப் புதிதில்லை. இதே வார்த்தைகளை, அனேகமாக இதே குரலில், உன் அப்பா என்னிடம் சொல்லியிருக்கிறார். அப்போது நீ சுவரைப் பிடித்துக்கொண்டு நடை பழகிக்கொண்டிருந்தாய். அப்பன் வாய் அப்படியே உனக்கு வந்திருக்கிறது, மூக்கு மட்டும்தான் என்னுடையது. நான் விளையாடினேன், கப் வாங்கினேன் என்பதெல்லாம் உனக்குத் தெரியும். ஆனால் கப் வாங்கியதற்கு அடுத்த வருஷம் நாங்கள் பட்ட பாட்டை நான் உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. சொல்லவேண்டிய நேரம் இதுதான்.

முதல் வருஷத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அது பெரிய கதை இல்லை. வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே இருக்கிற நம் தோட்டத்தில் பொம்பளைப் பிள்ளைகள் கரப்பந்து ஆடுகிறோம் என்றபோதே பாதிப் பேர் சிரித்தார்கள். தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வந்து, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் வலை கட்டி ஆடுவோம். ஓரத்து மரத்தில் சேலையால் ஏணை கட்டி உன்னைப் போட்டிருப்பேன். எங்களுக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று. நான் பந்தைத் தூக்கிக் கொடுப்பேன், ஸ்டெல்லா அடிப்பாள். ஸ்டெல்லாதான் கேப்டன். இடக்கைக்காரி, நெட்டையானவள், சர்ச்சுக்குப் போகிற வேதக்காரி, வாய்க்காரி. அவள் இடக்கையில் வந்த பந்தை எந்தத் தோட்டத்துப் பிள்ளைகளாலும் எடுக்க முடியவில்லை. தலவாக்கலையில் நடந்த தோட்டங்களுக்கிடையிலான போட்டிக்கு டிராக்டரில் போனோம், கப்போடு லொறியில் வந்தோம். அவ்வளவுதான். எங்களை யாரும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை, அதனால் பயமும் இல்லை. ஜெயித்த பிறகுதான் ஜெயித்திருக்கிறோம் என்றே எங்களுக்குத் தெரிந்தது.

தப்பு நடந்தது அன்றைக்குச் சாயங்காலம். தப்பு மேளம் முழங்க, கப்பை ஒவ்வொரு லயத்து வாசலுக்கும் கொண்டுபோய், கடைசியில் மாரியம்மன் கோயிலுக்கு வந்தோம். எங்களுக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடத்து மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர், அமைதியான மனுஷன். அவர் மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சொன்னார். “இது சுழல் கப், பிள்ளையள். வருஷா வருஷம் திருப்பிக் குடுக்க வேணும். கோயிலுக்குள்ள வையாதேங்கோ, பள்ளிக்கூட அலுமாரியில வைப்பம்.” கோயில் தலைவருக்கு அது பிடிக்கவில்லை. “என்னாங்க மாஸ்டர் இப்படி சொல்றீங்க? நம்ம புள்ளைங்களுக்கு ஆத்தா குடுத்தது. ஆத்தா குடுத்தத ஆத்தாவுக்கே குடுக்கிறோம்” என்றார். எல்லாரும் கைதட்டினோம். பூசாரி கப்பில் பால் ஊற்றி அபிஷேகம் செய்தார், சந்தனம் பூசினார், குங்குமம் வைத்தார், அம்மன் காலடியில் வைத்தார். மறுநாளிலிருந்து அதில்தான் தீர்த்தம். சாமிக்கென்று கொடுத்த பொருளை ஒரு குண்டுமணியானாலும் திரும்ப எடுக்கக் கூடாது என்பது நம் தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தே கைதட்டினோம். வெற்றி வந்த அன்றைக்கு அடுத்த வருஷம் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

அதற்குப் பிறகு நாங்கள் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, அது பந்தாட்டம் இல்லை, தலைகால் தெரியாத ஆட்டம். மலையில் கொழுந்து பறிக்கும்போதும் கப் கதைதான். கங்காணி பார்த்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கத்தினார். “ஏம்மா, கொழுந்து பறிக்கிறீங்களா, கப்புக்குக் கதாகாலட்சேபம் பண்றீங்களா?” தோட்டத்து மேனேஜர் தொரை எங்களுக்கு ஒரே நிறத்தில் சட்டை தைத்துக் கொடுத்தார். அந்தச் சட்டை கசங்கிவிடும் என்று பயிற்சிக்கு வராதவர்கள் உண்டு. நானும் அதில் ஒருத்திதான். வலையை எலி கடித்தது, யாரும் தைக்கவில்லை. ஆறு பேரில் ஒருத்தி கல்யாணம் கட்டி உடப்புசல்லாவைப் பக்கம் போனாள், இன்னொருத்தி கொழும்பில் வேலைக்குப் போனாள். போனால் என்ன, நாங்கள்தான் சாம்பியன் ஆயிற்றே என்று இருந்தோம். சாம்பியன் என்ற சொல்லை ஸ்டெல்லா மட்டும் சரியாகச் சொல்வாள், மற்றவர்கள் எல்லாம் சேம்பியம், சாம்பின் என்று வாய்க்கு வந்தபடி சொல்லிக்கொண்டு திரிந்தோம்.

அடுத்த சீசனுக்குக் கொஞ்சம் முன்னால் இறம்பொடைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் சும்மா ஒரு மேட்ச் ஆடலாம் என்று கூப்பிட்டார்கள். சட்டையைப் போட்டுக்கொண்டு போனோம். ஐயோ தம்பி, அன்றைக்கு எங்களை அவர்கள் துவைத்துக் காயப்போட்டார்கள். நான் பந்தைத் தூக்கினால் போதும், இரண்டு பிள்ளைகள் ஓடிவந்து ஸ்டெல்லாவுக்கு எதிரே சுவர் மாதிரிக் கையை உயர்த்திக்கொண்டு நின்றார்கள். எங்கள் ஒரே வித்தையை ஒரு வருஷமாக உட்கார்ந்து படித்திருக்கிறார்கள். நாங்கள் எங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவர்கள் எங்களைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். பார்க்க வந்த ஒரு கிழவர் சத்தமாகவே சொன்னார். “கப்ப சாமிக்குக் குடுத்துட்டாளுக, ஆட்டத்தையும் சேத்துக் குடுத்துட்டாளுக போல.” வரும் வழியெல்லாம் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அன்றைக்குத்தான் உன் அப்பா சொன்னார். அவர் அப்போது தேயிலைத் தூள் போடுகிற ஸ்டோரில் இலை வாட்டுகிற வேலை. முதல் கப் வாங்கிய பிறகு ஸ்டோரில் யாரைப் பார்த்தாலும் “நம்ம வீட்டுல அது தூக்கிக் குடுக்கலன்னா ஸ்டெல்லா எங்க அடிக்கிறது?” என்று என் புராணம் பாடியவர் அவர்தான். அந்த மனுஷன் தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தார். “போதும் புள்ள. ஒரு தடவ ஜெயிச்சாச்சு. இன்னமும் போயி தோத்துட்டு வந்தா அந்தப் பேரும் போயிரும். புள்ளைய காரணம் சொல்லி நின்னுக்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.” அந்தப் பிள்ளை நீதான். நான் யோசித்தேன். உண்மையைச் சொல்கிறேன், நிறையவே யோசித்தேன். உன்னைக் காரணம் காட்டினால் எவரும் மறு பேச்சுப் பேசமாட்டார்கள். பயத்துக்குப் பிள்ளைப்பாசம் என்று பெயர் வைத்துக்கொண்டு கௌரவமாக ஒதுங்கிவிடலாம். நீ முதுகுவலி என்று வைத்திருக்கிறாயே, அதைவிட இது நல்ல பெயர்.

என்னை அதிலிருந்து காப்பாற்றியது அந்தக் கப்தான். போட்டி நடத்துகிறவர்கள் ஆள் அனுப்பினார்கள். தொடக்க நாளன்று கப் மேசையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நம் தோட்டம் இந்த வருஷம் மட்டுமல்ல, இனி எந்த வருஷமும் ஆட முடியாது. சொல்லிவிட்டு அந்த ஆள் தேத்தண்ணி குடித்துப் போய்விட்டார். கோயில் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. தலைவர் முடியவே முடியாது என்றார். “தீர்த்தம் குடுத்த பாத்திரத்த தெருவுல கொண்டுபோயி வைக்கிறதா? ஆத்தா சும்மா இருப்பாளா?” ஒருவர் புதுக் கப் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்றார். இன்னொருவர் போட்டிக்காரர்களைக் கோயிலுக்கு வந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்லலாம் என்றார். மாஸ்டர் ஓரமாக நின்றார். நான் அன்றே சொன்னேன் என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. இன்றைக்கும் அவர்மேல் எனக்கு மரியாதை இருப்பது அதற்காகத்தான். ஸ்டெல்லாவிடம் கேட்டால், “நான் வேதக்காரி, உங்க ஆத்தாகிட்ட நான் என்னான்னு கேக்கிறது? நீங்களே கேளுங்க” என்றாள்.

அந்தச் சொல்லைப் பூசாரி பிடித்துக்கொண்டார். “அந்தப் புள்ள சொல்றது சரி. நம்ம என்னாத்துக்கு சண்ட போடுறோம்? ஆத்தாகிட்டயே பூ கேப்போம்” என்றார். பூக் கேட்பது உனக்குத் தெரியும்தானே. வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் சிவப்புப் பூவை ஒரு இலையிலும் மடித்துப் பொட்டலம் கட்டி அம்மன் முன்னால் போட்டு, ஒன்றும் அறியாத பிள்ளையை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் ஆத்தாவுக்குச் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. ஒன்றும் அறியாத பிள்ளை என்று எல்லாரும் சுற்றிப் பார்த்தார்கள். நீ என் இடுப்பில் இருந்தாய்.

உன்னை இறக்கிவிட்டதும் நீ பொட்டலங்கள் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. நேராகப் போய்ப் பூசாரியின் மணியை எடுத்தாய். மணியைப் பிடுங்கியதும் அழுதாய். அழுகை அடங்கிய பிறகு தத்தித் தத்திப் போய் ஒரு பொட்டலத்தை எடுத்தாய், எடுத்தவுடன் வாயில் போட்டாய். நான் ஓடிவந்து உன் வாயில் விரலை விட்டுத் தோண்டினால், இலையோடு சேர்ந்து வெள்ளை இதழ் வருகிறது. தலைவர் விடவில்லை. “வாயில போட்டா செல்லாதுங்க! கையில எடுத்துக் குடுக்கணும்!” பூசாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். “ஆத்தா குடுக்கிறேன்னு சொன்னது பத்தாதுன்னு, வச்சிருந்தா தின்னுபுடுவேன்னும் சொல்லியாச்சு. இதுக்கு மேல என்னாங்க செல்லாது?” கூட்டம் சிரித்த சிரிப்பில் தலைவரும் சிரித்துவிட்டார்.

ஆனால் பூசாரி அதோடு நிறுத்தவில்லை. கப்பை எடுத்து என் கையில் கொடுக்கும்போது எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். “இது ஆத்தா உங்களுக்கு குடுத்துட்டதுன்னு நெனைக்காதீங்க. இரவல் குடுத்திருக்கா. இரவல் வாங்குனா திருப்பிக் குடுக்கணும்.” அந்தச் சொல்லின் பாரம் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. கப் திரும்பக் கோயில் படி ஏற வேண்டுமென்றால் நாங்கள் மறுபடி ஜெயித்தே ஆக வேண்டும். தோற்றால் சாமி சாமானை இன்னொரு தோட்டத்துக்குத் தூக்கிக் கொடுத்தவர்கள் என்ற பெயர். அதற்குப் பிறகு மழை பெய்யாவிட்டாலும் எங்கள் குற்றம், மழை விடாவிட்டாலும் எங்கள் குற்றம், எவர் வீட்டு மாடு பால் மறந்தாலும் எங்கள் குற்றம். உன் அப்பா சொன்ன வழி அடைந்துபோனது. பிள்ளையைச் சாட்டி ஒதுங்கலாம் என்றால், கப்பை எடுத்துக் கொடுத்ததே பிள்ளைதானே!

அதற்குப் பிறகுதான் ஆட ஆரம்பித்தோம் தம்பி. வலையைத் தைத்தோம். சட்டையைப் பெட்டியில் வைத்துப் பூட்டினோம். வேலை விட்டதும் கூடையை இறக்கி வைத்த இடத்திலிருந்து நேராகக் களத்துக்கு. பந்து தேயிலைக்குள் உருண்டு போகும், அட்டைக்குப் பயப்படாமல் இறங்கி எடுத்து வருவோம். போன இரண்டு பேருக்குப் பதில் ஒரு சின்னப் பிள்ளையும் பாக்கியம் அக்காவும் வந்தார்கள். பாக்கியம் அக்கா நான்கு பிள்ளைகளின் தாய், தோட்டத்திலேயே விறகு வெட்டுவதில் பேர்போனவள். அவளைக் கூப்பிட்டபோது, “எனக்கு பந்தும் தெரியாது, பாக்கும் தெரியாது, எதயாவது ஓங்கி அடிக்கணும்னா சொல்லுங்க, அடிச்சிட்டுப் போறேன்” என்றாள். அதுதான் வேண்டும் என்றாள் ஸ்டெல்லா. முதல் வாரம் அவள் அடித்த பந்தெல்லாம் லயத்துக் கூரைத் தகரத்தில்தான் விழுந்தது. மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டு, “அக்கா, வீட்டுக்குள்ள ஆக்கள் இருக்கினம்” என்பார். ஸ்டெல்லாவுக்குத் தூக்குவதை விட்டுவிட்டு, பின்பக்கம் பார்க்காமல் பாக்கியம் அக்காவுக்குத் தூக்கப் பழகினேன். கழுத்து பிடித்துக்கொள்ளும். ராத்திரிச் சோற்றை உன் அப்பா பிசைந்து உனக்கு ஊட்டினார். வேண்டாம் என்று சொன்னவர்தான், ஆனால் நான் முடிவு எடுத்த பிறகு ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அதையும் நீ அவரிடமிருந்து படித்துக்கொள்.

தொடக்க நாளன்று கப்பை விளக்கி மினுக்கிக் கொண்டுபோய் மேசையில் வைத்தோம். குங்குமம் மட்டும் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. கூடவே நம் தோட்டம் முழுக்க வந்திருந்தது. தலைவர் கப்புக்குப் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார், யாராவது சாமியைத் தொட்டுவிடுவார்களோ என்று. மேட்ச் மேட்சாகத் தட்டுத் தடுமாறி ஜெயித்துக் கடைசி ஆட்டத்துக்கு வந்தோம். எதிரே யார் என்று நினைக்கிறாய்? எங்களைத் துவைத்துக் காயப்போட்ட அதே இறம்பொடைப் பக்கத்துப் பிள்ளைகள்.

முதல் செட் போய்விட்டது. எப்படிப் போனது என்றே தெரியவில்லை. பழகியதெல்லாம் மறந்து, நான் மறுபடி ஸ்டெல்லாவுக்கே தூக்கிக்கொண்டிருக்கிறேன், அவர்கள் மறுபடி சுவர் கட்டுகிறார்கள். செட் முடிந்து தண்ணீர் குடிக்கும்போது ஸ்டெல்லா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். “எல்லாரும் என்னாத்த பாத்து ஆடுறீங்கடி? ஒவ்வொரு பந்துக்கும் முன்னுக்கு அந்த மேசைய பாக்கிறீங்க. கப்பு பறந்தா போயிரும்?” உண்மைதான். மற்ற ஐந்து பேரும் பந்தைப் பார்க்கவில்லை, கப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். போய்விடுமோ, போய்விடுமோ என்று. ஸ்டெல்லா விறுவிறு என்று மேசைக்குப் போனாள். அங்கே உட்கார்ந்திருந்த சிங்கள நடுவரிடம் ஏதோ சொன்னாள், அவர் சிரித்துக்கொண்டே “ஹரி நங்கி”, சரி தங்கச்சி என்று தலையாட்டினார். அவள் தன் சுவெட்டரை எடுத்துக் கப்பின் மேல் போட்டு மூடினாள். தலைவர் பதறிப்போய், “ஏம்மா, சாமி சாமானுக்கு மேல உடுத்தின துணியா?” என்றார். “சாமிக்கு குளிருதுங்க தலைவரே, போத்தி விடுறேன்” என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள். அந்தப் பனிமூட்டத்தில் தலைவரும் தன் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

இரண்டாவது செட்டில் நாங்கள் வேறு ஆட்கள். கப் கண்ணுக்குத் தெரியவில்லை, பந்து தெரிந்தது. எடுத்தோம். கடைசி செட் இழு இழு என்று இழுத்தது. அப்போதெல்லாம் சேர்வ் அடிக்கிற பக்கத்துக்கு மட்டும்தான் புள்ளி, உங்கள் காலம் மாதிரி ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி கிடையாது. அதனால் அவர்கள் ஒன்று எடுப்பார்கள், நாங்கள் சேர்வைப் பிடுங்குவோம், நாங்கள் ஒன்று எடுப்போம், அவர்கள் பிடுங்குவார்கள். பொழுது இறங்கிவிட்டது. உன்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, போதும் புள்ள என்று சொன்ன அந்த மனுஷன் கத்துகிறார் பார், “விடாத புள்ள! விடாத!” என்று. அடுத்த சில நாட்கள் அவருக்குத் தொண்டையே இல்லை, சைகையில்தான் ரொட்டி கேட்டார்.

இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் கப் எங்களுக்கு. சேர்வ் எங்களிடம். பந்து வலையைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது, சின்னப் பிள்ளை விழுந்து எடுத்தாள், எனக்கு நேர் மேலே வந்தது. ஸ்டெல்லா குதிக்கத் தயாராக ஓடி வருகிறாள். எதிரே இரண்டு பேர் இல்லை, மூன்று பேர் அவளுக்கு எதிரே ஓடுகிறார்கள். போன வருஷம் எங்களுக்குக் கப் வாங்கிக் கொடுத்த கை அது. அதற்குத் தூக்கினால் யாரும் என்னைக் குறை சொல்லமாட்டார்கள், தோற்றாலும் சொல்லமாட்டார்கள். நான் பின்னால் தூக்கினேன். பாக்கியம் அக்கா தன் நான்கு பிள்ளைகளையும் புருஷனையும் சேர்த்து ஒரே வார்த்தையில் ஏசிக்கொண்டு விறகைப் பிளக்கிற மாதிரி ஒரு அடி அடித்தாள். பந்து எதிர் மூலையில் யாருமே இல்லாத இடத்தில், கோட்டுக்கு உள்ளே, சேற்றில் பதிந்து நின்றது. அது உருளக்கூட இல்லை. நடுவர் கையை எங்கள் பக்கம் நீட்டினார். ஸ்டெல்லா, தன்னிடம் வராத பந்துக்காக, எல்லாருக்கும் முதலில் குதித்தாள்.

தம்பி, நீ பிறந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அது கொஞ்சமும் குறைந்ததில்லை. கோபித்துக்கொள்ளாதே. நீ பிறந்தபோது வலியும் இருந்தது, இதில் வலி இல்லை. முதல் வெற்றியைப் பற்றி இன்றைக்கு நினைத்தால் யாருக்கோ நடந்த மாதிரி இருக்கிறது. இரண்டாவதை நினைத்தால் இப்போதும் அந்தப் பந்தின் பாரம் விரல் நுனியில் தெரிகிறது. முதல் வருஷம் நாங்கள் ஜெயித்தோம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். இரண்டாவது வருஷம் அது எங்களுக்கே தெரியும்.

கப்பைக் கோயிலுக்குக் கொண்டுவந்தோம். பூசாரி சூடம் காட்டினார். ஸ்டெல்லாவும் வாசலில் நின்று, தன் முறைப்படி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். தலைவர் கப்பை வாங்கி உள்ளே வைக்கக் கையை நீட்டினார். பாக்கியம் அக்கா கொடுக்கவில்லை. “ஆத்தாவுக்கு காட்டியாச்சுங்க, இரவல் அடஞ்சிருச்சு. இனி உள்ள வைக்க வேணாம். அடுத்த வருஷமும் ஆடணும், வருஷா வருஷம் எவ புள்ளைய பூ திங்க விடுறது?” என்றாள். பூசாரி தலையாட்டினார். கப், புள்ளைக் காம்பராவுக்குப் போனது. நாங்கள் மலைக்குப் போனதும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற இடம்தானே, அங்கே அலுமாரி இல்லாததால் ஜன்னல் கட்டையில் இருந்தது. நீங்களெல்லாம் அதில் பால் குடித்தீர்கள். உன் மேலுதட்டில் ஒரு சின்னத் தழும்பு இருக்கிறதே, அது அந்தக் கப்பின் விளிம்பு.

மூன்றாவது வருஷம் தோற்றோம். கதையை நல்ல இடத்தில் முடித்துவிட்டேன் என்று நீ சொல்லக் கூடாது பார், அதனால் இதையும் எழுதுகிறேன். நன்றாகத்தான் ஆடினோம், அவர்கள் இன்னும் நன்றாக ஆடினார்கள். கப்பை ஸ்டெல்லாவே தன் கையால் ஜெயித்தவர்களின் கேப்டனிடம் கொடுத்தாள். சின்னப் பெண், கப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ஸ்டெல்லா அவள் காதில், எங்களுக்கும் கேட்கிற மாதிரி, “நல்லா வச்சுக்க தங்கச்சி. சாமிகிட்ட மட்டும் குடுத்துறாத” என்றாள். நாங்கள் சிரித்த சிரிப்பில், யார் ஜெயித்தது, யார் தோற்றது என்று பார்த்தவர்களுக்கே குழம்பியிருக்கும். அந்த வருஷம் மழை நேரத்துக்குப் பெய்தது. கொழுந்து நன்றாக வந்தது. ஆத்தா எங்களை ஒன்றும் செய்யவில்லை. நாங்கள் நான்காவது வருஷமும் ஆடினோம், ஐந்தாவது வருஷமும் ஆடினோம். முழங்கால் போதும் என்று சொன்ன பிறகுதான் நான் நிறுத்தினேன். அதுவரை ஒரு வருஷமும் பயம் என்னை நிறுத்தவில்லை.

இப்போது உன்னிடம் வருகிறேன். உன் கம்பெனி வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் கப்பை வைத்து விளக்குப் போட்டிருக்கிறார்கள் என்று போன மாதம் பெருமையாகச் சொன்னாய். தினமும் வேலைக்குப் போகும்போது அதைப் பார்த்துக்கொண்டு போகிறாய், அதுதான் உன் வியாதி. நாளையிலிருந்து பின்வாசலால் போ. உன்னைக் குறி வைத்திருக்கிறார்கள் என்றால் நீ குறி வைக்கத் தகுந்தவன் என்று அர்த்தம். போன வருஷத்து வித்தை இந்த வருஷம் வேகாது, அது உனக்கே தெரியும், அதுதான் பயம். அப்படியென்றால் புதிதாக ஒன்று பழகு. உன் டீமில் பாக்கியம் அக்கா மாதிரி யாரும் கவனிக்காத ஒருவன் ஓரத்தில் இருப்பான், அவனுக்குத் தூக்கிக் கொடு. பெயர் போய்விடும் என்கிறாய். ஆடாமல் காப்பாற்றுகிற பெயர் யாருக்கு வேண்டும்? அதைக் கழுவிக் காயப்போட்டு என்ன செய்யப் போகிறாய்?

முதல் மேட்ச் ஞாயிற்றுக்கிழமை என்று உன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாய். சனிக்கிழமை ரயிலில் நாங்கள் வருகிறோம். அப்பா, நான், ஸ்டெல்லா, பாக்கியம் அக்கா. பாக்கியம் அக்காவுக்கு இப்போது கண் கொஞ்சம் மங்கல், வாய் மங்கவில்லை. நீ ஆட மாட்டேன் என்ற விஷயத்தை நான் அவளிடம் சொல்லவில்லை, சொல்லவும் போவதில்லை. அவள் இப்போதே லயத்தில் எல்லாரிடமும் “நம்ம பய ஆடுறத பாக்க போறேன்” என்று சொல்லிக்கொண்டு, கொழும்புக்கென்று புதுச் செருப்பும் வாங்கிவிட்டாள். நீ ஜெயித்தால் அவள் உன்னைக் கட்டிப்பிடிப்பாள். நீ தோற்றாலும் கட்டிப்பிடிப்பாள், அது எனக்குத் தெரியும். நீ சட்டை மாற்றாமல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தால் மட்டும், அவளுக்கு நீயே பதில் சொல்லிக்கொள். நான் வாயைத் திறக்க மாட்டேன்.

அம்மா